முதலில் ஆண் மீன்

மல்வேர்ன், ரொறன்ரோ
18.05.1997

அன்புள்ள மாமிக்கு,

மருமகள் மங்கையற்கரசி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என நம்புகிறேன். வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும், கையில் கட்டக் கோயிலில் மந்திரித்த நூலும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடிதத்தை வாசித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலியாணமாகி ஒன்பது வருசமாச்சு, ஒரு பிள்ளை இல்லை, உன்னாலை ஏலாட்டி விலகிவிடு, என்ரை ரூபனுக்கு வேறை இடம் பாக்கிறன் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மனம் வந்தது, மாமி?

நிற்க, என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்ரௌவ்விலுக்கு அப்பால் ஒரு மீன் பண்ணை. ஸ்ரேர்ஜன் என்று ஆள் நீளத்து மீன். தொட்டியில் அடைத்தால் அது தானாக முட்டை விடாது. அதனால் ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள். பெண் மீனுக்கு முதலில் கொஞ்சம், பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து மிச்சம். எனக்கும் பதினொரு மாதமாக வயிற்றில் ஊசிதான். நானே குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இதை உங்கள் மகன் எழுதினாரா? எழுதியிருக்க மாட்டார்.

போன கிழமை முட்டை எடுக்கும் நாள். எங்கள் மேற்பார்வையாளர் கிளடிஸ் பெண் மீனைத் தொடவேயில்லை. முதலில் ஆண் மீன்களின் விந்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். ஆணில் உயிரில்லாவிட்டால் பெண்ணின் வயிற்றை ஏன் வீணாகக் கீறுவது என்றார். ஓர் ஆண் மீனைச் சரிவராது என்று ஒதுக்கினார். அது கோபித்துக்கொள்ளவில்லை, மாமி!

என் டொக்ரரும் இரண்டு தரம் இவரைச் சோதனைக்கு வரச் சொன்னார். எனக்கென்ன குறை, ஆம்பிளையைப் போய்ச் சோதிக்கிறதோ, சனம் சிரிக்கும் என்கிறார் இவர். சீட்டாட மில்லிக்கன் வரை போக நேரமிருக்கிறது, பக்கத்துக் கிளினிக்குக்குப் போக நேரமில்லை. பழி மட்டும் என் தலையில். நல்ல நியாயம்!

இவரில்தான் குறை என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே என்னில் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? இவரில் எனக்கு உயிர். விலகச் சொன்னால் நான் எங்கே போவேன்?

ஜூன் இருபத்துமூன்றாம் திகதிக்கு டொக்ரர் மூன்றாம் தரமாக நேரம் தந்திருக்கிறார். என் சொல் எடுபடாது. உங்கள் சொல்லை இவர் ஒருநாளும் தட்டியதில்லை. டொக்ரரிட்டைப் போட்டு வா மோனை என்று இவருக்கு ஒரேயொரு வரி எழுதுங்கள்.

நூல் சுவாமிப் படத்தடியில் இருக்கிறது. இவர் போய் வரும் அன்று கட்டிக்கொள்கிறேன்.

இன்னமும் உங்கள் மருமகள்,
மங்கையற்கரசி