சார்ஜாவிலிருந்து வந்த மிட்டாய்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. இவர் நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தார்.

தோளில் ஒரு பை, அவ்வளவுதான். “வாப்பா, பெட்டி எங்க?” என்று பர்சானா கேட்டாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். வாசற்படியைக் காலால் தடவித் தடவி ஏறினார். பையை நான் வாங்கி உள்ளே வைத்தேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் சொன்னார். கம்பெனியில் கண் பரிசோதனை வைத்தார்களாம். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண் போயே போச்சு. வலது கண்ணில் ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் சார்ஜாவில் லாரி ஓட்டின மனுஷன்.

“லீவுல வந்திருக்கேன்னே இருக்கட்டும் முஹ்ஸினா. பர்சானா நிக்காஹ் முடியட்டும்.”

அவர் சொல்வது புரிகிறது. கடையநல்லூர் மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. மாமனார் தன் கம்பெனியிலேயே மாப்பிள்ளைக்கு ஒரு விசா எடுத்துத் தரவேண்டும், அது ஒன்றுதான் கேட்டார்கள். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். பர்சானாவுக்கும் அந்தப் பையன்மேல் ஆசை. போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள்.

முகம் தெரியாதென்றால், என் முகமும்தானே? கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பக்கத்து வீட்டு செய்யதம்மாள் மாமி விடியும் முன்பே வந்துவிட்டாள். “பெட்டி பிரிச்சாச்சா முஹ்ஸினா?”

எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குச் சபர் போனவர் திரும்பி வந்தால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்துதான் பெட்டியின் கயிற்றை அறுப்பது. சோப்பு, தைலம், பால் பவுடர் எல்லாம் சொந்தக்காரர்களுக்கு. மிட்டாய் மட்டும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி, தெரு முழுக்க. மிட்டாய் வராத வீட்டைப் பற்றி அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் கதை கட்டிவிடுவார்கள். வேலையை விட்டுத் துரத்திவிட்டான் என்பார்கள், ஜெயிலில் கிடந்தான் என்பார்கள். நானும் அப்படிப் பேசினவள்தான்.

“பெட்டி கார்கோல வருது மாமி” என்றேன்.

“முட்டாயுமா கார்கோல போட்டிருக்கான்? உருகிருமேட்டி.”

“இல்ல, அதை மட்டும் கையில கொண்டாந்திருக்காவ. நாளைக் கழிச்சுத் தாரேன்.”

என் வாய் சும்மா இருக்காது. எங்கே போவேன் மிட்டாய்க்கு? ஃபாரின் சாமான் விற்கிற கடை மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமா கடை. கூரியரில் வரவழைத்தாலும் கொண்டுவருகிறவன் தெரு முனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

ஜூன் 18, புதன்

வாப்பா மிட்டாய் வாங்க மறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தேன், பர்சானா ஒரு வீடியோவைக் காட்டினாள். ஸ்ட்ராபெர்ரி ட்ரஃபிள். ஒரே வாயில் போட்டுக்கொள்கிற உருண்டை. பழத்தை மசித்துக் கெட்டியாகக் காய்ச்சி, உருக்கின வெள்ளை சாக்லேட்டும் கிரீமும் சேர்த்து, ஃப்ரிட்ஜில் வைத்து உருட்டி, கறுப்பு சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். இவர் எப்போதும் கொண்டுவருவதும் உள்ளே ஸ்ட்ராபெர்ரி வைத்ததுதான். தெருப் பிள்ளைகள் இவர் பெயரைச் சொல்லி அதைக் கிதிர் மாமா முட்டாய் என்பார்கள்.

குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். பேரருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் நடுவே ஊட்டி ஸ்ட்ராபெர்ரி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் எல்லார் கையிலும் துண்டும் எண்ணெய் பாட்டிலும். ஊரே குளிக்கப் போகிறது, நான் பொய்க்குச் சாமான் வாங்கப் போகிறேன். திரும்பும்போது கேக் சாமான் கடையில் சாக்லேட் பாளமும் ஜிகினாத்தாளும் வாங்கினேன்.

“சும்மா உக்காந்திருக்க முடியல. எதையாவது கையில தாட்டி” என்றார் இவர். பழத்தின் காம்பைக் கிள்ளச் சொல்லிக் கொடுத்தேன். பூஞ்சை பிடித்த ஒரு பழத்தையும் கிள்ளி நல்லதோடு போட்டார். பர்சானா பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் அதை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் அடுத்த பழத்தைத் தேடித் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் கொல்லைப்பக்கம் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுப்பில் ஆவி பட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் சாக்லேட்டில் விழுந்தது. மணல் மாதிரி திரிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 19, வியாழன்

இந்தத் தடவை பக்குவம் வந்துவிட்டது. இவர்தான் உருட்டினார். அதற்குக் கண் வேண்டாம். ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பு ஏறின உள்ளங்கை, ஆனாலும் எல்லாம் ஒரே அளவு. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படியில் இவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்ததே இல்லை. சிரித்தார்கூட. பாவி மனசு, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“உம்மா, இது மூணு நாளைக்கு மேல தாங்காதுன்னு வீடியோவுல அந்தப் பொம்பள சொல்லுதா” என்றாள் பர்சானா.

“முட்டாயை எவ மூணு நாள் வச்சிருப்பா? கையில வாங்கினதும் தின்னுருவாளுவ.”

தெருவுக்கெல்லாம் ஜிகினாத்தாளில் சுற்றிக் கொடுத்தாயிற்று. செய்யதம்மாள் மாமி என் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டாள். மென்றாள். என்னையே பார்த்தாள்.

“இந்தத் தடவை ரொம்ப மெத்துனு இருக்கே.”

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். பேரனுக்கென்று இன்னொன்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 20, வெள்ளி

சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்தேன். தாளில் சுற்றிக் கொடுத்தால் மரியாதை இல்லையே? முன்பு இவர் கொண்டுவந்த பழைய மிட்டாய் டின் ஒன்றில் சீரகம் போட்டு வைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதில் அடுக்கிக் கொடுத்தேன். சம்பந்தியம்மா ரெண்டு கையாலும் வாங்கினாள். “அண்ணன் ஏன் வரல?” “அசதி மைனி.”

ஜூன் 25, புதன்

ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பிழைத்தோம் போலிருக்கிறது. இவர் கதவைத் தாண்டிப் போவதில்லை. ஜுரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

சம்பந்தியம்மா வந்தாள். தனியாக, சொல்லாமல்.

நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பர்சானா கடைக்குப் போயிருந்தாள். நான் இறங்கி வருவதற்குள் சம்பந்தியம்மா உள்ளே வந்துவிட்டாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அந்த டின்னை அவருக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இவர் சிரித்த முகமாகச் சுவரைப் பார்த்து, “வாங்க மைனி, உக்காருங்க” என்கிறார்.

அவள் நீட்டின கையை மடக்கவே இல்லை. ஒரு பக்கமாக டின்னை அசைத்துப் பார்த்தாள். இவர் முகம் சுவரிலேயே இருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

“சென்னையிலருந்து மூத்தவ வருவா, அவ பிள்ளையளுக்குக் குடுக்கலாம்னு பீரோவுல வச்சிருந்தேன்” என்றாள். மூடியைத் திறந்து காட்டினாள். உருண்டை மேலெல்லாம் பூசணம். புளித்த வாடை. “கெட்டுப்போகாதேன்னு தேதி பார்த்தேன்.” டின்னைக் கவிழ்த்தாள். அடியில் அச்சடித்த வருஷம், கொரோனாவுக்கு முந்தினது.

மேலே தேய்த்தேன், உள்ளே தேய்த்தேன். அடியைப் பார்க்கவில்லையே நான்.

“கண்ணு எப்பத்துலருந்து?” என்று மெதுவாகக் கேட்டாள். இவர்தான் பதில் சொன்னார், எல்லாவற்றையும். அவள் கேட்டுவிட்டு, டின்னை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வச்சிருந்து குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? போன தடவை வந்ததை நானே எம் பீரோவுல ஆறு மாசம் பூட்டி வச்சிருந்தேனே. பிள்ளை கேட்டப்பகூடக் குடுக்கலையே. எம் புத்தி எங்க போச்சு?

ஜூலை 2, புதன்

ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். “பையன் இப்ப கல்யாணம் வேண்டாங்கான்.”

பையன் என்னைக்கு வேண்டாம்னான்?

ஜூலை 3, வியாழன்

பர்சானா சாப்பிடவில்லை. வாப்பாவுக்கு மட்டும் சோற்றைப் பிசைந்து தட்டைக் கையில் கொடுத்தாள்.

ஜூலை 9, புதன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. மிச்சமிருக்கிறதைக் காப்பாற்ற ஊசி போடலாமாம். போனது திரும்பாது என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். “எனக்கெதுக்கு, நீ உக்காரு” என்றார்.

திரும்பி வரும்போது தெருமுனையில் செய்யதம்மாள் மாமி. அவள்தான் கடையநல்லூருக்குப் போன் போட்டிருப்பாள். இல்லாவிட்டால் மிட்டாய் கெட்டுப்போனதற்கு எவளாவது வீடு தேடி வருவாளா? மெத்துனு இருக்காம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 21, திங்கள்

பர்சானா ஒரு ஜவுளிக்கடை பில் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாடிக்கு இப்போது துணி காயப்போட மட்டும்தான் போகிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சீசன் முடியப்போகிறது. அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டதாம்.

மத்தியானம் செய்யதம்மாள் மாமி வந்தாள். இத்தனை நாள் நான் பேசவில்லை. வாசலிலேயே நிற்கவைத்தேன். அவளே உள்ளே வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள். 

“சலீம் வெள்ளிக்கிழமை வாரான்” என்றாள். முகம்மது சலீம் அவளுடைய ஒரே மகன், துபாயில் இருக்கிறான். மகன் வருகிறான் என்றால் தெருவெல்லாம் ஒலிபெருக்கி வைப்பவள். இன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

“பெட்டி இல்லட்டி. வேலை போயிட்டு. ரெண்டு மாசமா ரூமைவிட்டு வெளிய வராம கெடந்திருக்கான். சாகப் பார்த்திருக்கான்னு கூட இருந்த பையன் போன்ல சொல்லுதான்.”

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அந்த முட்டாய் ஒரு தட்டு செஞ்சு தா. அவன் தெருவுல தலைநிமிர்ந்து நடக்கணும். தாளு பளபளன்னு இருக்கட்டும்.”

“அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா மாமி?”

“நாப்பது வருசமா ஃபாரின் முட்டாய் தின்ன வாயி. தெரியாம?”

“யாருட்டயும் சொல்லலையா?”

“இதைப் போயி சொல்லுவாளா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஒரு மாதமாக இந்தப் பொம்பளையைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். முகம் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவள் போன பிறகு இவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு இல்லங்க. நாளைக்குத்தான் பழம் வாங்கணும்” என்றேன்.

மாமியிடம் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கொடுக்கிற வீட்டிலெல்லாம் அங்கேயே நின்று, அவர்களைத் தின்னவைத்துவிட்டு வரவேண்டும். எவளையும் பீரோவில் வைக்க விடக்கூடாது.