மூன்றில் இரண்டு

மார்ச் 4

நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் கட்டடத்தில் இன்று லிஃப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே ஒன்பது பேர். போட்ட கூச்சலுக்குப் பன்னிரண்டு என்றே எழுதலாம். மெயின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன். கிளம்பிவிட்டது. பழசை மறக்க வைத்தால் எந்த மெஷினும் சொன்ன பேச்சு கேட்கும். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அத்தான் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் அலமாரியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கருப்புக் கருவி கிடைத்திருக்கிறதாம். அவர் சேர்த்து வைத்த கிரிப்டோ காசுக்கு அதுதான் சாவி. அது திறந்தால் அக்கா இருக்கிற வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அறுபத்திரண்டு வயதில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும்.

“நீ இருக்கும்போது எனக்கென்னடா பயம்” என்றாள்.

அதானே, என்ன பயம்.

மார்ச் 6

அக்கா மகள் வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறுதான் வர முடியும். அதற்குள் கருவியை கம்ப்யூட்டரோடு இணைத்து மட்டும் வைக்கச் சொல்லி போனில் முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாள்.

“தேடிப் பாத்து எதையும் இறக்காதீங்க மாமா. முதல்ல வர்றது போலியா இருக்கும். நான் அனுப்புற வெப்சைட் முகவரியை எழுத்தெழுத்தா நீங்களே அடிங்க. இருபத்திநாலு வார்த்தை கேட்டு எது வந்தாலும் மூடிடுங்க.”

அந்த இருபத்துநான்கு வார்த்தை இருந்தால் கருவியே தேவையில்லையாம், காசை மீட்டுவிடலாமாம். அத்தான் அதைத் தாளில் எழுதி எங்கோ வைத்திருக்கிறார். அக்கா மூன்று நாளாக வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். கிடைக்கவில்லை.

“பின் நம்பரை மட்டும் தொடாதீங்க. மூணு தடவை தப்பாப் போட்டா அது எல்லாத்தையும் அழிச்சுடும்.”

“இந்தக் கைக்கா நீ பாடம் சொல்றே?”

“அந்தக் கையை நினைச்சுத்தான் சொல்றேன்.”

வாய்க்கொழுப்பு. அப்படியே அவள் அப்பா.

மார்ச் 7

அக்கா வீட்டுக்குப் போய் இணைத்தாயிற்று.

முதலில் கருவியில் வெளிச்சம் வந்தது, கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் அதைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் செருகியது என் போன் கேபிள். வெறும் சார்ஜுக்கு மட்டும். கருவி இருந்த பெட்டியின் அடியில் கிடந்த கேபிளைப் போட்டதும் பிடித்துக்கொண்டது. முகவரியை ஒற்றை விரலால் அடித்து, மூன்று முறை சரிபார்த்தேன். புரோகிராம் இறங்கியது.

எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் வெளிநாட்டு பேங்க் லாக்கரையே திறந்துவிட்டதாகச் சொன்னேன். “அப்ப இன்னைக்கு டீ உன் கணக்கு” என்றான். வாங்கிக்கொடுத்தேன்.

மார்ச் 8

கருவி பின் நம்பர் கேட்டபடி நின்றது. அக்கா பக்கத்தில் வந்து, “இன்னும் திறக்கலையாடா?” என்றாள். அத்தானை எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். வேறென்ன வைத்திருக்கப் போகிறார்? கல்யாண வருடத்தைப் போட்டேன்.

தப்பு. இன்னும் இரண்டு முறை என்றது.

அவருடைய பழைய ஸ்கூட்டர் நம்பர். அதை அவர் தூக்கத்திலும் சொல்வார்.

இன்னும் ஒரு முறை.

“என்னடா ஆச்சு?”

“இணைப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்க்கா.”

கேபிளைப் பிடுங்கினேன். பத்து எண்ணினேன். செருகினேன். பழையபடி பின் நம்பர் கேட்டது, அவ்வளவுதான். தப்பு என்றோ ஒரு முறை என்றோ பேச்சே இல்லை. மறந்துவிட்டது.

மறந்திருக்கும்.

மார்ச் 10

அக்கா மகள் காலையிலேயே வந்துவிட்டாள். அத்தானின் மருந்துச் சீட்டுக் கட்டைப் புரட்டியவள் ஒரு சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். ‘கருவி’ என்று எழுதி, கீழே மூன்று நம்பர். மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். எது கடைசி என்று குறிப்பில்லை.

அவள் சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். “மூணு நம்பர், மூணு வாய்ப்பு. தப்பவே தப்பாது மாமா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க எதுவும் போட்டுப் பாக்கலையே?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நானா? தொடவே இல்லை.”

அவள் முதல் நம்பரைப் போட்டாள். திரை அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கடையிலிருந்து அப்போதுதான் வந்த புதுசு மாதிரி, ‘வாங்க’ என்று வரவேற்றது.

“ஒரு தடவைதானே போட்டேன்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா அவள் முதுகைத் தடவினாள். “போனாப் போகுது விடு. உங்க அப்பாவே போயிட்டார்.”

நான் கேபிளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். எதற்கு வைத்தேன்?

மார்ச் 11

அவள் சாப்பிடவில்லையாம். நான்தான் அழிச்சுட்டேன், நான்தான் அழிச்சுட்டேன் என்று ஒரே பேச்சாம்.

மார்ச் 12

பஸ் ஏற்றிவிட நான் போனேன். நிறுத்தத்தில் சொல்லிவிட்டேன். ரெண்டு தடவை போட்டேன்மா. அவ்வளவுதான் சொன்னேன், மேலே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

“ஏம்மா?”

“அப்பாவும் இல்லை, காசும் இல்லை. தம்பி இருக்கான்னு ஒண்ணுதான் அவங்ககிட்ட மிச்சம். அதையும் எடுத்துடாதீங்க.”

பஸ் வந்தது. “வரேன்” என்றாள். எப்போதும் வரேன் மாமா என்பாள்.

மார்ச் 20

ஒன்றுமில்லை. லிஃப்ட் ஓடுகிறது.

ஏப்ரல் 2

அக்கா இன்று எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். மேனேஜரிடம் நான்தான் சொல்லி வாங்கிக்கொடுத்தேன். காலை ஆறு மணி ஷிஃப்ட். நீலக் கோட்டு அவளுக்குப் பெரிசு, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். வாளியோடு லிஃப்டில் ஏறினாள். கூட நானும், அங்கே வேலை செய்கிற இரண்டு பெண்களும்.

“இவன் என் தம்பி” என்றாள் அவர்களிடம். “இவன் கை பட்டா எந்த மெஷினும் சொன்ன பேச்சு கேக்கும்.”

“தெரியும்க்கா” என்றாள் ஒருத்தி. “போன மாசம் லிஃப்ட் நின்னப்போ பன்னிரண்டு பேரைக் காப்பாத்தினாராமே. வாட்ச்மேன் சொன்னான்.”

அக்கா என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

“ஒன்பது பேர்தான்” என்றேன்.

ஆறாம் மாடி வந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.