அம்மா பேருக்கு நேரே ஒரு கோடு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் உன் வேலையும் நல்லபடியாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் வாசல் கதவைத் திறக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், தவிர இந்த விஷயம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை, எழுதினாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

ஊருக்கு வெளியே வேலி போட்டு, தொழில் வளர்ச்சிப் பகுதி என்று பலகை வைத்தார்களே, பலகையைத் தவிர ஒன்றும் வளரக் காணோம் என்று நீகூடக் கிண்டல் செய்வாய். போன வருஷம் நகராட்சியில் என்னைக் கூப்பிட்டார்கள். இருபத்தேழு வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா, வேலை தெரிந்தவர்களைப் பட்டியல் எடுத்துக் கொடுங்கள், அதைக் காட்டித்தான் கம்பெனிகளை வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்ற மனுஷன் கையில் திரும்பவும் அட்டையும் பேனாவும் வந்தால் கேட்கவா வேண்டும், கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வீடு எல்லார் பேரையும் எழுதி, தெரிந்த வேலை என்று ஒரு கட்டமும் போட்டுக்கொண்டேன். போன வீட்டிலெல்லாம் ஒரே கதை, மகன் வெளியூரில், மகள் வெளிநாட்டில். ஆனாலும் எழுதிக்கோங்க, இங்க ஒரு வேலைன்னு இருந்தா நாளைக்கே வந்துருவான் என்கிறார்கள். தையல்கடைக்காரர் மூன்று பிள்ளைகளையும் எழுதச் சொன்னார், மூன்றாமவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எழுதினேன். அப்போது பொய் என்றே தோன்றவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முதல் வரியே நீதான், மின்னியல் டிப்ளமோ, வயது இருபத்தாறு, வசிப்பது இதே வீடு.

அந்தப் பட்டியலை நம்பி நிஜமாகவே ஒரு கம்பெனி வந்துவிட்டது. பேட்டரி வண்டிகளுக்குப் புதுமாதிரி மோட்டார் செய்கிறார்களாம், அதில் சில இடங்களில் மிஷின் நுழையாதாம், கம்பிச் சுருளைக் கையால்தான் சுற்ற வேண்டுமாம். கட்டடம் எழும்பியது, மிஷின்கள் இறங்கின, பட்டியலில் வேலை தெரியும் என்று எழுதியிருந்த இருநூற்றுப் பதினாலு பேருக்கும் நேர்முகத் தேர்வுக்கு அட்டை வந்தது. போனவர்கள் பத்தொன்பது பேர். மேனேஜர் பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், என்னைக் கூப்பிட்டு, சத்தம்கூடப் போடாமல், ஐயா, இவங்கள்லாம் எங்கே என்று கேட்டாள். இங்கே வேலை இல்லையென்று போய்விட்டார்கள் அம்மா என்றேன். ஆளுங்க இருக்காங்கன்னுதானே நாங்க இங்க வந்தோம் என்றாள். அவள் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி, அப்புறம் எங்கே தப்பாகப் போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாதக் கடைசிக்குள் அறுபது பேர் சேராவிட்டால் மிஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்களாம். ஊரில் இல்லாதவர்கள் பேரையெல்லாம் அடித்துக் கொடுங்கள் என்று ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராக அடித்தேன். முதல் வரியான உன் பேரை மட்டும் கடைசிக்கு என்று தள்ளி வைத்தேன். நீ வந்துவிடு என்று உனக்கு மூன்று தடவை கடிதம் எழுதி மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். ஊருக்காகக் கூப்பிடுகிறேனா எனக்காகக் கூப்பிடுகிறேனா என்று குழப்பம். அப்போதுதான் உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பட்டியலை வாங்கிப் பார்த்தாள். தன் பேர் இருந்த வரியில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. வயது ஐம்பது, வீட்டில் இருப்பவர், தெரிந்த வேலை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் ஃபேன் கம்பெனியில காயில் சுத்தினேனே, அது வேலை இல்லையா என்று கேட்டாள். ஐயோ, மறந்தே போய்விட்டேன் கண்ணு. நம் வீட்டு ஃபேன் இரண்டு தடவை எரிந்தபோது அவள்தான் சுற்றினாள், நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன், அப்படியும் கோடு போட்டிருக்கிறேன் பார். நம்ம தெருவுல மட்டும் பதினோரு கோடு, எல்லாம் பொம்பளைங்க, இங்கயே இருக்கிறவங்க யாரும் உங்க கண்ணுக்குத் தெரியலையா என்றாள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றேதான்.

மறுநாள் காலையில் உனக்கு வந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போய்விட்டாள். இது உங்க பொண்ணு பேருக்கு வந்ததும்மா என்று வாசலில் காவல்காரர் மறித்தாராம், அவளைப் பெத்தவளே நான்தான், வழியை விடு என்றாளாம். கம்பியைக் கையில் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரமுடியுமா என்று மேனேஜர் பெண் கேட்டாளாம். அவ்வளவுதான், தையல்கடைக்காரர் மனைவி போனாள், பள்ளிக்கூட ஆயா தன் தங்கையோடு போனாள், நேற்றோடு அறுபத்து மூன்று பேர். மிஷின்கள் இங்கேயே இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரே சந்தோஷமாக இருக்கிறது, நானும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். உன் அம்மா காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், நான் பால் பாத்திரத்தைக் கருக்கிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பவர் நான்தான், என் பேருக்கு நேரே என்ன எழுதுவார்களோ.

பட்டியலில் உன் பேரை அன்றைக்கே அவளேதான் அடித்தாள். அவ அங்க நல்லா இருக்கா, உங்க பட்டியலைக் காப்பாத்த அவளைக் கூப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு அதே வரியில் தன் பேரை எழுதினாள். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி வந்தால் நீ வந்துவிடுவாய் என்றுதான் ஒரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் அம்மா இருப்பாள், அதற்கு முன்னால் என்றால் நான்தான் எடுப்பேன், அதுவும் பரவாயில்லை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் மனசாரச் சொல்கிறோம். இனிமேல் நீ வந்தே ஆகவேண்டும் என்று இல்லை கண்ணு. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

என்றும் உன்
அப்பா