முதல் டைப் டில்லர்

மரியே வாழ்க

பொம்மிடி,
12.8.2024

பிரகாஷ் அப்பாவுக்கு,

ராயம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள் என்றால் எழுதவா போகிறீர்கள்? போன கல்லறைத் திருநாளுக்குப் பார்த்தது. மகன் தலைமாட்டில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறினோம். போனில் பேசலாமென்றால் நாற்பது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் டில்லரைப் பற்றி. மாதவராஜ் என்று ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். பின்னால் நடந்தபடி ஓட்டும் பழைய உழவு வண்டிகளாகத் தேடி வாங்கி வைக்கிறாராம். கொட்டகையில் சாக்கை விலக்கியதும் கோயிலுக்குள் வந்தவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டார். முதல் டைப்பாக இருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் தருகிறாராம். அடுத்த டைப் என்றால் முப்பதாயிரம்தானாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அடுத்த டைப்பில் ரிவர்ஸ் போட்டால் மண்ணைக் கிளறும் கத்தி தானாக நின்றுபோக ஒரு லாக் இருக்கும், முதல் டைப்பில் அது கிடையாது என்றார். நம் வண்டி அப்படி எதுவும் இல்லாமலே வந்தது என்று மகன் போன அன்றைக்கு நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்களே. அதனால் முதல் டைப்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் சரிபார்க்க வருகிறார். வேறென்ன அடையாளம் காட்ட வேண்டும், எழுதுங்கள்.

அது கண்ணைவிட்டுப் போனால் போதும் எனக்கு. நம் மகள் ஏஞ்சலினின் குழந்தை இப்போது நடக்கிறாள். கொட்டகைப் பக்கம் போனாலே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியைப் பார்த்தால் என் வாய்தான் ஞாபகம் வருகிறது. வரப்பில் நின்று, "பிரகாசு, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டேனே. ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்துத்தானே வரப்பில் தட்டி விழுந்தான். கத்தி சுற்றிக்கொண்டே வந்து ஏறியது. இன்றுவரை நான் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் சொல்கிறேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
பிரகாஷ் அம்மா


கம்பைநல்லூர்,
21.8.2024

அன்புள்ள ராயம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு முட்டி வலி தவிர ஒன்றுமில்லை. இங்கே ஒர்க்‌ஷாப்பில் இப்போது வேலை குறைவு.

இன்ஜின் நம்பர் பெல்ட் ஓடும் பக்கம் வெட்டியிருக்கும், அதைக் காட்டு. டீசல் டேங்க் மூடி பித்தளை, கம்பெனியில் வந்தது. கைப்பிடி ரப்பர் மாற்றவில்லை. முன்னால் இருக்கும் லைட் மட்டும் நான் மாற்றியது. அதைச் சொல்லிவிடு, மறைக்க வேண்டாம்.

ஒரு விஷயம். கியர் பாக்ஸைத் துடைக்காதே. பழைய கிரீஸும் மண்ணும் அப்படியே இருந்தால்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு நம்பிக்கை வரும், விலையும் வரும். சாக்கைப் போட்டு மூடியே வை. கேட்ட விலைக்குக் கொடுத்துவிடு, பேரம் பேசிக்கொண்டு நிற்காதே.

கூப்பிட்டதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் சித்தம்.

இப்படிக்கு,
செபாஸ்டின்


மரியே வாழ்க

பொம்மிடி,
15.9.2024

பிரகாஷ் அப்பாவுக்கு,

துடைத்துவிட்டேன். என் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வருகிறவர் முன்னால் அழுக்கு வண்டியைக் காட்ட மனசு வரவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு அரை நாள் தேய்த்தேன். கியர் பாக்ஸின் இடது பக்கம் பெயின்ட் உரிந்து இரண்டு வட்டம் தெரிந்தது.

மாதவராஜ் வந்ததும் நேராக அங்கேதான் குனிந்தார். சாவியால் கீறினார். உள்ளே எம்சீல் பசை. "இது ரெண்டாவது டைப்புங்கம்மா. யாரோ லாக்கைக் கழட்டிட்டு போல்ட் ஓட்டைய அடைச்சிருக்காங்க" என்றார். அவர் முகத்தில் விலை போன வருத்தம்தான் இருந்தது. நான் சாக்கை எடுத்து வண்டியை மறுபடியும் மூடிவிட்டேன்.

நாம் ஏரியூரில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததா? விற்றவர் கழற்றியிருப்பாரா? ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நம்புகிறேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

பிரகாஷ் அம்மா


கம்பைநல்லூர்,
24.9.2024

ராயம்மாளுக்கு,

அந்த ஒரு வரியை மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். வாங்கும்போது லாக் இருந்தது. கழற்றியது நான்.

நம்முடையது சின்னச் சின்னக் காடு. மூலைக்கு மூலை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் கத்தி நின்றுவிடும், திரும்பப் போட வேண்டும். வாடகை உழவுக்குப் போனால் நேரம் ஆகிறது என்று திட்டினார்கள். என்னிடம் வந்த எத்தனையோ வண்டிகளுக்கு நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன். பிரகாஷ் போவதற்கு முந்தின வாரம்கூட, "அப்பா, அந்த லாக்க மாட்டிருங்கப்பா, பயமா இருக்குது" என்றான். மரவள்ளி நடவு முடியட்டும் என்று சொன்னேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்தேன். உள்ளே நீ, "நானே கூப்பிட்டுக் கொன்னுட்டனே" என்று அழுதுகொண்டிருந்தாய். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்டது. கையில் பிரஷ்ஷோடு நின்றேன், உள்ளே வந்து சொல்லவில்லை. உன்மேல் கோபத்தில்தான் கம்பைநல்லூருக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். அதையும் நான் மறுக்கவில்லை.

கழற்றிய லாக்கை எறிய முடியவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பொம்மிடி பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள். அதை மாட்டினால் வண்டி முழுசு. மாதவராஜ் கூடுதலாகத் தருவார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

செபாஸ்டின்


பொம்மிடி,
9.10.2024

திரு. செபாஸ்டின் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. மெக்கானிக் குருவைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். இரண்டு போல்ட். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்கள் நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட வேலை இதுதான்.

டீசல் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் தூங்கிய வண்டி அரை மணி நேரம் இழுத்தடித்துப் புகை கக்கிக் கிளம்பியது. ரிவர்ஸ் போட்டான். கத்தி நின்றது. மறுபடியும் போடச் சொன்னேன். நின்றது. எத்தனை தரம் போடச் சொன்னேனோ தெரியாது. கடைசியில் குரு இன்ஜினை அணைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மாதவராஜ் நேற்று வண்டியை ஏற்றிப் போனார். லாக் இருந்ததால் விலையைக் கூட்டினார். அந்த லாக்குக்கு அவர் போட்ட மதிப்பு பத்தாயிரம் ரூபாய்.

கழற்றியதைக்கூட என்றைக்காவது பொறுத்துவிடுவேன். நீங்களும் பெற்றவர்தான், வேண்டுமென்றா செய்தீர்கள்? நான் அழுதது காதில் விழுந்தும் பிரஷ்ஷோடு நின்றீர்களே, அதைப் பொறுக்க எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் என் பிள்ளையை நானே கொன்றேன் என்றுதான் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றேன்.

இன்று மத்தியானம் ஏஞ்சலினின் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்றபடியே, "கண்ணு, சாப்பிட வாம்மா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். ஏஞ்சலின் பயந்துபோய் ஓடி வந்தாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்தது. மடியில் வைத்துச் சோறு ஊட்டினேன்.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். நான் காலைப் பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். நீங்கள் சாயங்காலம் வாருங்கள்.

ராயம்மாள்