இரண்டு டிஸ்க்கும் ஒரு கொட்டனும்

செப். 9, செவ்வாய்
காற்று, புழுதி. வேலை முடிந்து யாழ். டவுனில் கொம்பியூட்டர் கடை. தங்கை மலருக்காக. அவளுடைய பாட்டு வீடியோக்களை ஒரே இடத்தில் சேர்த்து, ரீவியில் பார்க்க ஒரு வழி வேண்டும்.

அவள் உரும்பிராய்க்கு என்னிடம் வந்து மூன்று கிழமை. பண்டத்தரிப்பிலிருந்து ஓட்டோவில், உடுத்த உடுப்போடு, இடது மணிக்கட்டு வீங்கி. சங்கீத ரீச்சர். பிள்ளைகளைப் பாடவைத்துப் பதிந்த பதினொரு வருட வீடியோ லப்டொப்பில் இருந்தது. புருஷன் சேகர் அதைக் கிணற்றுக்கட்டில் அடித்து நொறுக்கினான். தடுக்கப் போனாள். கையையும் அதே கட்டில் வைத்து அடித்தான்.

மிச்சம்: கொஞ்சச் சீடி, ஒரு பழைய ஃபோன், பிள்ளைகளின் தாய்மார் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கும் துண்டுகள்.

கடைக்காரர்: "எஸ்எஸ்டி வேகம்தான் அண்ணை. ஆனா சேர்த்து வைக்கிறதுக்கு உந்தச் சுத்துற டிஸ்க் காணும். ரெண்டாப் போடுங்கோ. ஒண்டு செத்தாலும் மற்றது நிக்கும்."

இரண்டு போடுவதென்று முடிவு.

செப். 10, புதன்
வாங்க:
– 4 டெராபைட் டிஸ்க், ஒரே மாதிரி 2
– சின்னக் கொம்பியூட்டர், விசிறிச் சத்தம் இல்லாதது
– யுபிஎஸ் (கரண்ட் போய்ப் போய் வருகிறது)
– நீளமான எச்டிஎம்ஐ வயர்
– கேற்றுக்குப் பூட்டு

சேகர் மத்தியானம் ஆறு தரம் ஃபோன் எடுத்தான். மலர் எடுக்கவில்லை. ஏழாவது தரம் நான் எடுத்தேன்.

"அவளை அனுப்பு மச்சான். இல்லாட்டி வந்து மயிரிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போவன்."

"வந்து பார்" என்றேன். அவன் வரவேண்டும் என்று இருந்தது.

செப். 12, வெள்ளி
எல்லாம் பொருத்திப் பூட்டியாயிற்று. முதல் டிஸ்க்கில் போடுவது தானாகவே இரண்டாவதிலும் பதிகிறது. நம்பாமல் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். மற்றது பாடியது.

பின்னேரம் மலர் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்தாள். முன்பல் இல்லாத ஒரு பிள்ளை பாடுகிறாள். "ஐயோ அண்ணை, உவள் சுருதியை விட்டிட்டு எங்கை ஓடுறாள்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே வந்தபின் முதல் சிரிப்பு. பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ரீவிச் சத்தம் கூடிப்போனால் இன்னும் திடுக்கிடுகிறாள். சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

செப். 13, சனி
எழுத முடிந்த அளவு எழுதுகிறேன்.

காலை பத்து மணி. பின்வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். கேற் பூட்டியபடி. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறான். உள்ளே உடைகிற சத்தம். ஓடினேன். ரீவி நிலத்தில். சேகர் கையில் கொட்டன் தடி, முழங்கை நீளம். கொம்பியூட்டர், டிஸ்க் பெட்டி, யுபிஎஸ், ஒவ்வொன்றாக. "பாடு! இப்ப பாடடி!" மலர் மேசைக்குக் கீழே, தலையில் இரண்டு கையும்.

என்னைக் கண்டதும் வீசினான். இடது தோளில் பட்டது. இரண்டாவது அடி கதவு நிலையில். கொட்டன் நழுவியது. எடுத்தேன்.

முதல் அடி முழங்காலில். விழுந்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"காணும் மச்சான், போதும்" என்றான். கேட்டது. முகத்தில் அடித்தேன். பல் நிலத்தில் தெறித்தது. கையால் மறைத்தான், கையில் அடித்தேன். விரல் முறிந்த சத்தமும் கேட்டது. எத்தனை அடி என்று தெரியாது. மலர் கத்தினாள். அவனைப் பார்த்துக் கத்துகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணை, விடுங்கோ! செத்துப்போவார்!"

பக்கத்து வீட்டார் வந்து பிடித்தார்கள். சேகரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

செப். 14, ஞாயிறு
சேகருக்குத் தாடை முறிவு, விரல் மூன்று. உயிருக்குப் பயமில்லை.

இரண்டு டிஸ்க்கும் போய்விட்டது. பக்கம் பக்கமாக வைத்தால் ஒரே கொட்டன் இரண்டையும் முடிக்கும் என்று யோசிக்கவில்லை. ஒன்றை வேறு வீட்டில் வைத்திருக்க வேண்டும். நினைக்க நினைக்கத் திரும்ப அடிக்கவேண்டும் போல் இருந்தது.

சோறு போட்டுக் கொடுத்தேன். மலர் சோற்றுக் கோப்பையை வாங்கவில்லை. "உதிலை வையுங்கோ அண்ணை, எடுக்கிறன்."

வைத்தேன். நான் குசினிக்குப் போனபிறகுதான் எடுத்தாள்.

செப். 15, திங்கள்
வெக்கை. பொலிஸ். என்னையும் மலரையும் வரச்சொன்னார்கள். என் வாக்குமூலம்: அவன் வீசினான், தற்காப்புக்காக அடித்தேன்.

பிறகு மலர். நான் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவளும் அப்படியே சொல்வாள் என்று இருந்தேன்.

மணிக்கட்டு, லப்டொப், வேலி, ரீவி, எல்லாம் சொன்னாள். எழுதிய பொலிஸ்காரர் கேட்டார்: "அவர் விழுந்தாப்பிறகு?"



"விழுந்தாப்பிறகும் அண்ணை அடிச்சவர். அவர் காணும் எண்டு சொன்னவர். அண்ணை நிப்பாட்டேல்லை."

எழுதியவர் என்னைப் பார்த்தார். "நீர் உதைச் சொல்லேல்லையே?"

பொய் என்று சொல்ல வாய் திறந்தேன். மலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னது சரி" என்றேன். திருத்தி எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வைத்தேன். நாளைக்குக் கோட்டில் வழக்கு.

வெளியே மலர் பஸ்ஸுக்கு நின்றாள். வெயில். குடையை விரித்துப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.