பனங்களியில் தோய்த்த லென்ஸ் துணி

என் தேவி,

போன மாசியில் உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் இப்போது நம் மகள் நிலாவையும் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. இங்கே மருந்தில்லை. வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் கொடுக்கிற பாஸ் கேட்டேன். படம் கொண்டுவரச் சொன்னார்கள். படம் பிடிக்கிற கடையே நம்முடையதுதானே, அதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கமராவை வாங்கினவன் நான். படம் பிடித்தவள் நீ. இப்போது நானே பிடிக்கிறேன். சனம் வேறு வழியில்லாமல் வருகிறது.

நிலாவின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ் எழுதுகிற பெடியன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஐயா, இது உங்கடை மகளோ, அடுப்புப் புகையோ?"

"மகள்தான் தம்பி."

"அப்ப மகள் தெரியிற படமாக் கொண்டு வாங்கோ."

வந்து பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பிசுக்கு. உன் அக்கா வவுனியாவிலிருந்து கொடுத்துவிட்ட மைக்ரோஃபைபர் துணியை மூக்கருகில் பிடித்தேன். பனம்பழ மணம். சவுக்காரக் கட்டியை ஆமிக்காரர் வன்னிக்குள்ளே வர விடுகிறார்களில்லை. ஊரே பனங்களியில்தான் உடுப்புத் தோய்க்கிறது. ஆனால் அந்தத் துணியில் வெறும் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் நீ பட விட்டதில்லையே.

"ஆர் பிள்ளை இதைத் தோய்ச்சது?"

"நான்தானப்பா. காய்ச்சல் விட்டிருந்தது, வீட்டிலை கிடந்ததெல்லாத்தையும் தோய்ச்சுப் போட்டன். நான் போனா உங்களுக்கு ஆர் தோய்க்கிறது?"

அவளை என்னவென்று ஏசுவது, சொல்லு?

கிணற்றடியில் குந்தியிருந்து, களி போய்த் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். முறுக்கவில்லை. குசினிப் புகை படாத பக்கமாக நிழலில் காயவிட்டேன். தூசியோடு துடைத்தால் லென்ஸில் கீறல் விழும் என்று கத்துவாயே. சைக்கிள் ஹோர்னின் றப்பர் பந்தைக் கழற்றி அதால் ஊதினேன். சிரிக்காதே, வேலை செய்தது. பிறகு மூச்சால் லேசாக ஈரமாக்கி, நடுவிலிருந்து வெளியே வட்டமாக, அழுத்தாமல் துடைத்தேன்.

அடுத்த படத்தில் அவளுடைய மேலுதட்டு மச்சம்கூடத் தெரிந்தது.

பாஸ் கிடைத்தது. ஆனால் பிணை வேண்டுமாம். மருந்தெடுத்துத் திரும்பி வருவாள், வரும்வரை நான் வன்னியை விட்டு அசையமாட்டேன் என்று கையெழுத்து வைத்தேன். யாவாரியல்லவா, எதைக் கொடுத்து எதை வாங்குகிறேன் என்று வைக்கும்போதே தெரியும்.

"வாற மாசம் வந்திடுவன் அப்பா!" லொறியிலிருந்து கத்தினாள். ஓம் என்று தலையாட்டினேன்.

அவள் வந்தால்தான் என் பிணை கழலும். வந்தவளை மறுபடி விடுவார்களா? இந்தக் காய்ச்சலுக்குள் திருப்பிக் கூப்பிடவா அனுப்பினேன்? அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி உன் அக்காவுக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் தேவி, சுகமா என்று கேட்டு அவளுக்கு எழுதுவேன். வா என்று மட்டும் எழுதமாட்டேன்.

நிலாவின் அப்பா,
உன் மனுசன் இராசையா