புள்ளி இருந்த பக்கம்

மார்ச் 3
நாற்பத்து மூன்று வயதில் படுக்கையோர எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பழகுகிறேன். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வை. ஜெல் தடவு. மூச்சை விட்டு நிறுத்தச் சொல். விலா இடுக்கில் ஸ்கேன் முனையான ப்ரோப்பை வை. எல்லாவற்றுக்கும் முன் திரை மூலையில் படத்தின் திசை காட்டும் புள்ளியைப் பார். வயிற்றுக்கு அது இடப்பக்கம், இதயத்துக்கு வலப்பக்கம். மறந்தால் படம் இடவலம் மாறிவிடும்.

சொல்லித்தருபவர் பிரிவுத் தலைவர். தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல வருவதால் வார்டில் அவர் 'மாப்பிள்ளை'. மருத்துவக் கல்லூரியில் என் நோட்டைப் பார்த்துப் பாஸானவர். இப்போது நான் 'சார்' என்கிறேன்.

"பேனா மாதிரி பிடிங்க. என் ரிப்போர்ட்டெல்லாம் எழுதுற கைதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 9
இதயத்தின் நான்கு அறைகளும் ஒரே படத்தில் கிடைத்தன! வீட்டில் சொன்னேன். "ஏதாவது ஒரு அறையில நான் இருக்கேனா?" என்றார் என் கணவர்.

மார்ச் 17
தையல்காரப் பெண். முப்பத்தெட்டு வயது. காலில் மூன்று வாரமாக மாவுக்கட்டு. மூச்சுத் திணறல், பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையே ப்ரோப்பை வைத்தார்.

"இடது அறை வீங்கியிருக்கு. இதயம் சோர்ந்துபோச்சு. நீர் பிரியற ஊசி போடுங்க."

திரையைப் பார்த்தேன். சற்று முன் யாருக்கோ வயிறு பார்த்த அமைப்பு அப்படியே இருந்தது. புள்ளி இடப்பக்கம். அப்படியென்றால் வீங்கியது வலது அறை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்திருக்கிறது. கொடுக்க வேண்டிய மருந்தே வேறு.

"சார், புள்ளி..."

"ரெண்டு வாரம் கத்துக்கிட்டு எனக்கே பாடமா?"

வாயை மூடிக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் அவள் போய்விட்டாள்.

மார்ச் 18
இன்னொரு தடவை சொன்னால் என்ன, தலையா போயிருக்கும்? போனது அவள் உயிர்.

மார்ச் 20
"ரிப்போர்ட்டை வழக்கம்போல நீங்களே எழுதிடுங்க. இதயச் செயலிழப்பு," என்றார் மாப்பிள்ளை. வீட்டில், "ஊரோடு ஒத்து வாழ். எழுதிக் கொடுத்துட்டு வா," என்றார் கணவர்.

மாலையில் அவளுடைய தங்கை வந்தாள். "அக்காவுக்கு இதயம் பலவீனம்னு சொன்னாங்க டாக்டர். பரம்பரையா வருமா? என் பிள்ளைங்களையும் காட்டணுமா?"

அந்தப் பிள்ளைகள் இனி ஓடி விளையாடினால்கூட இவளுக்குப் பதறும். எங்கள் பொய்யால்.

மார்ச் 24
பதிவான படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுதிவிட்டேன்: படம் இடவலம் மாறியிருந்தது, வீங்கியது வலது அறை, நுரையீரலில் அடைப்பு இருந்திருக்கலாம். கீழே: 'நான் கவனித்தேன். ஒருமுறை சொல்ல முயன்றேன். மறுபடி சொல்லவில்லை.' கையெழுத்து.

"உங்க தலையிலயும் நீங்களே மண்ணைப் போட்டுக்கிட்டீங்களே, பைத்தியமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா," என்றேன். 'சார்' வரவில்லை.

ஏப்ரல் 11
விசாரணை முடிந்தது. அவருக்கு அறிவுரை மட்டும். எனக்குப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றம். எக்கோ இயந்திரத்தில் புதுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள்: 'முதலில் புள்ளியைப் பார்.' கீழே மாப்பிள்ளையின் பெயர்.

இறந்தவளின் தங்கையைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பரம்பரை நோய் என்று சொல்ல எதுவுமில்லை, பிள்ளைகள் விளையாடட்டும் என்றேன். அழுதாள். பிறகு கேட்டாள்: "நீங்க ரெண்டாவது தடவை சொல்லியிருந்தா?"

"பிழைச்சிருக்கலாம்மா."

போனை வைத்துவிட்டாள்.